வாய் பாதிதான் திறக்கிறது: தாடை மூட்டுக்கு எந்தப் பயிற்சி, எப்போது?

கேள்வி:

மதிப்பிற்குரிய இயன்முறை மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். நான் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 36. வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை, பாவாடை சட்டை, பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக வாயைத் திறக்கும்போது இடது காதுக்கு முன்னால் ‘டொக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். வலி இல்லாததால் பொருட்படுத்தவில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்காக இரவு பகலாகத் தைத்துக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு நாள் காலையில் எழுந்தபோது வாய் பாதிதான் திறந்தது. அன்றிலிருந்து அந்தச் சத்தம் நின்றுவிட்டது, வலி வந்துவிட்டது. மூன்று மாதம் ஆகியும் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. கண்ணாடியில் பார்த்தால், திறக்கும்போது தாடை இடப்பக்கமாகக் கோணுகிறது. காது மருத்துவர் காதில் ஒன்றும் இல்லை என்றார். பல் மருத்துவர் தாடை மூட்டில் கோளாறு என்று சொல்லி, ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்து, பயிற்சி செய்யச் சொன்னார். கைப்பேசியில் காணொளி பார்த்து வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடினேன், வலி கூடிவிட்டது. சூயிங்கம் மென்றால் சரியாகும் என்கிறான் தம்பி. சுளுக்கு வழிப்பவரிடம் காட்டலாம் என்கிறார் மாமியார். எனக்கு எந்தப் பயிற்சி ஏற்றது? மூட்டு தேய்ந்துவிட்டதா? இரவில் பல்லுக்கு உறை போட வேண்டுமா? அறுவை சிகிச்சை வரைக்கும் போகுமா? சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை சீவல் போடும் பழக்கம் உண்டு, புகையிலை சேர்ப்பதில்லை.

ஒரு வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் மிகவும் பயன்படுகின்றன. வாய்த் திறப்பு பாதியாகக் குறைந்த அதே நாளில் பழைய சத்தம் நின்றுபோனது ஒன்று. திறக்கும்போது தாடை இடப்பக்கம் கோணுவது மற்றொன்று. இவை இரண்டும் சேர்ந்து வரும்போது, இடது தாடை மூட்டுக்குள் இருக்கும் வட்டு தன் இடத்திலிருந்து முன்னால் நழுவி, மூட்டின் நகர்வைத் தடுத்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணமே எங்களுக்கு முதலில் எழும். நேரில் தொட்டுப் பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆயினும் உங்களை நேரில் பார்த்த பல் மருத்துவரின் கருத்தோடு இது ஒத்துப்போவதால், அந்த அடிப்படையிலேயே எழுதுகிறேன். பயிற்சி உங்களுக்குக் கட்டாயம் தேவை. ஆனால் நீங்கள் செய்து பார்த்த பயிற்சி, செய்யவேண்டிய வரிசையில் கடைசியில் வரவேண்டியது; அதுவும் அந்த வேகத்தில் அன்று.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் சுட்டுவிரலை வைத்து வாயை மெதுவாகத் திறந்து மூடினால், விரலுக்கு அடியில் ஒரு குமிழ் அசைவதை உணரலாம். அதுதான் கீழ்த்தாடை எலும்பின் தலைப்பகுதி. அது மண்டையின் பொட்டெலும்பில் உள்ள ஒரு சிறு குழியில் பொருந்தியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மெல்லிய, வழுவழுப்பான ஒரு வட்டு இருக்கிறது. வாய் திறப்பின் முதல் 20 அல்லது 25 மில்லிமீட்டர் வரை இந்தக் குமிழ் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அதற்கு மேல் வாய் திறக்க வேண்டுமானால், குமிழ் வட்டையும் கூட்டிக்கொண்டு முன்னோக்கிச் சரிந்து இறங்க வேண்டும். ரவிக்கைக்கு உள்துணி வைத்துத் தைக்கும்போது மேல்துணியும் உள்துணியும் ஒன்றாக நகராமல், உள்துணி மட்டும் முன்னால் சுருண்டுகொண்டால் தையல் எப்படி அங்கேயே சிக்கிக்கொள்ளும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு ஆண்டுகளாக உங்கள் வட்டு சற்று முன்னால் நழுவியிருந்து, வாய் திறக்கும்போது ‘டொக்’கென்று மீண்டும் குமிழின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. ஆவணியில் அது ஏற முடியாமல் முன்னாலேயே தங்கிவிட்டது. அதனால் சத்தமும் இல்லை, முழுத் திறப்பும் இல்லை. இடது குமிழ் நகர மறுக்க, வலது குமிழ் வழக்கம்போல் முன்னால் போவதால், தாடை இடப்பக்கம் இழுக்கப்படுகிறது.

வளர்ந்தவர்களுக்கு மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையே 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை வாய் திறப்பது இயல்பு. அவரவர் கையின் மூன்று விரல்களை அடுக்கி நுழைக்க முடிந்தால் போதுமானது என்று வைத்துக்கொள்கிறோம். உங்களுடைய இரண்டு விரல் அளவு என்பது, சுழற்சி முடிந்து சரிவு தொடங்கவேண்டிய இடத்துக்குச் சற்று அப்பாலேயே நின்றுவிடுகிறது என்பதைக் காட்டுகிறது. ‘மூட்டு தேய்ந்துவிட்டதா’ என்று அஞ்சியிருக்கிறீர்கள். ‘டொக்’ என்ற ஒற்றைச் சத்தம் தேய்மானத்தின் அடையாளம் அன்று. வலியில்லாமல் அந்தச் சத்தம் மட்டும் இருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சிகிச்சையே தேவையில்லை. தேய்மானம் இருந்தால் பெரும்பாலும் நறநறவென்ற தொடர் ஓசையாகக் கேட்கும்.

பயிற்சிக்குப் போவதற்கு முன்பு, கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் எழுதியிருக்கும் வெற்றிலை சீவலைப் பற்றிப் பேசியாக வேண்டும். காவிரிக் கரையில் விருந்துக்குப் பின் தாம்பூலம் இல்லாமல் வீடு இல்லை என்பதை அறிவேன். கும்பகோணம் வெற்றிலையின் பெருமையையும் அறிவேன். குறை வெற்றிலையில் இல்லை, பாக்கில் இருக்கிறது. பாக்கை நாள்தோறும் மென்று வாயில் அடக்கிக்கொள்வதால், கன்னத்தின் உட்சவ்வுக்கு அடியில் நார் படிந்து, சவ்வு வெளுத்து, விறைத்து, வாய் திறப்பு மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே போகும் நோய் ஒன்று உண்டு. புகையிலை சேர்க்காவிட்டாலும் இது வரும். பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை என்பதால்தான் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கையும், புகையிலை கலக்காத தாம்பூலத்தையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் சேர்த்திருக்கிறது.

உங்களுக்கு வாய்த் திறப்பு ஒரே இரவில் குறைந்திருப்பதும், தாடை ஒரு பக்கமாகக் கோணுவதும் மூட்டைத்தான் சுட்டுகின்றன. பாக்கினால் வரும் விறைப்பு மெல்ல மெல்ல வரும். பெரும்பாலும் தாடை நேராகவே திறக்கும். காரக் குழம்பு பட்டாலே வாய் எரியும். ஆனால் இரண்டும் ஒருவருக்கே இருக்கக்கூடாது என்று விதி இல்லை. ஆகையால் நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கன்னத்தின் உட்புறம் வெளுத்திருக்கிறதா, விரலால் தடவினால் கயிறு ஓடுவதுபோல் தடிப்பு தட்டுப்படுகிறதா, நாக்கை நீட்டுவதில் தடை இருக்கிறதா, காரம் முன்பைவிட எரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ இருந்தாலும், பயிற்சி தொடங்குவதற்கு முன் பல் மருத்துவரிடம் வாயின் உட்புறத்தைக் காட்டிவிடுங்கள். எதுவும் இல்லையென்றாலும் சீவலை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கடினமான பொருளை நெடுநேரம் மெல்வதே உங்கள் மூட்டுக்கு இப்போது ஆகாது என்பது அதற்கு இன்னொரு காரணம். உங்கள் வீட்டில் சீவல் போடும் மற்றவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இனிப் பயிற்சி. வாயை அகலமாகத் திறந்து மூடியபோது வலி கூடியதற்குக் காரணம் எளியது. குமிழுக்கு முன்னால் வட்டு தடையாக நிற்கும்போது, திறப்பின் கடைசி எல்லைக்குத் திரும்பத் திரும்பப் போனால், வட்டுக்குப் பின்னால் உள்ள நரம்பும் குருதிக் குழாயும் மிகுந்த மென்மையான திசு நசுங்குகிறது. வலியை உணர்ந்த உடனே கன்னத்தின் மெல்லும் தசையும் பொட்டுத் தசையும் காவலுக்கு இறுகிக்கொள்கின்றன. தசை இறுகினால் மூட்டின் மேல் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் வலி கூடுகிறது. முழங்காலுக்கும் தோளுக்கும் பயிற்சி என்றால் வியர்க்க வியர்க்கச் செய்வதாக நாம் பழகியிருக்கிறோம். தாடைக்கு அந்த வழக்கம் பொருந்தாது. சிறிய அசைவு, குறைந்த விசை, நாளில் பலமுறை: தாடைப் பயிற்சியில் பலன் இந்த மூன்றினால்தான் வருகிறது.

முதல் பயிற்சி அசைவே இல்லாதது. ‘ன்’ என்று உச்சரித்து நிறுத்துங்கள். அப்போது நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தின் மேட்டில் தொட்டு நிற்கும். நாக்கு அங்கேயே மென்மையாகத் தங்கட்டும். பல்லைத் தள்ள வேண்டாம். உதடுகள் மூடியிருக்கட்டும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகியிருக்கட்டும். மூச்சு மூக்கின் வழியாகப் போய்வரட்டும். தாடையின் இயல்பான ஓய்வு நிலை இதுதான். உண்ணும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தவிர, மற்ற நேரத்தில் பற்கள் ஒன்றையொன்று தொடவே வேண்டியதில்லை. ஆனால் நுணுக்கமான வேலையில் மூழ்கியிருப்பவர்கள் தம்மை அறியாமலே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். கொக்கி வைத்துத் தைக்கும்போதும், ஊசியில் நூல் கோக்கும்போதும், கழுத்து வளைவு திருப்பும்போதும் உங்கள் பற்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரே ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். பாபின் மாற்றும் ஒவ்வொரு முறையும் ‘ன்’ என்று சொல்லித் தாடையைத் தளர்த்துவது என்று வைத்துக்கொண்டால், தனியாக நேரம் ஒதுக்காமலே இந்தப் பயிற்சி நாளுக்குப் பலமுறை நடந்துவிடும். இரண்டு வாரத்துக்கு இதுவே முதன்மையாக இருக்கட்டும். என் அனுபவத்தில், வலி குறைவது பெரும்பாலும் இந்த எளிய பழக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதே காரணத்தால் இதைத்தான் பலரும் அலட்சியம் செய்கிறார்கள்.

தையல் வேலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நூலைப் பல்லால் கடித்து அறுப்பதையும், குண்டூசியைப் பல்லிடுக்கில் பிடித்துக்கொள்வதையும் உடனே நிறுத்த வேண்டும். முன்பல்லால் கடிக்கும்போது கீழ்த்தாடை முன்னால் நீட்டப்பட்டு, அந்த நிலையிலேயே மூட்டின் மேல் விசை விழுகிறது. ஒரு நாளில் எத்தனை நூல் அறுக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்தால் அந்தச் சுமையின் அளவு புரியும். சிறு நூல்வெட்டி ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொள்ளுங்கள். குண்டூசிக்கு மணிக்கட்டில் கட்டும் பஞ்சுப் பட்டை போதும். அடுத்தது கழுத்து. குனிந்து, முகத்தை முன்னால் நீட்டித் தைக்கும்போது, கழுத்தின் முன்புறத் தசைகள் கீழ்த்தாடையைப் பின்னோக்கி இழுக்கின்றன. தாடையைத் தாங்க மெல்லும் தசைகள் எதிர்த்து இறுகுகின்றன. இயந்திரத்தின் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தி, முதுகு சாயும் நாற்காலியில் அமர்ந்து, விளக்கைத் துணியின் பக்கத்தில் கொண்டுவாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று, மோவாயை மேலே தூக்காமல் தலையை நேராகப் பின்னுக்கு இழுத்து ஆறு எண்ணும் வரை நிறுத்துங்கள். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்த்துத் தளர்த்துங்கள். இதை ஆறு முறை செய்தால் போதும். தாடை வலிக்குக் கழுத்துப் பயிற்சியா என்று தோன்றலாம். கழுத்தை விட்டுவிட்டுத் தாடையை மட்டும் பார்த்தால், குறைந்த வலி அடுத்த முகூர்த்த மாதத்தில் திரும்பி வந்து நிற்கும்.

இரண்டாவது கட்டம், வலி ஓரளவு தணிந்த பிறகு. சிலி நாட்டு இயன்முறை மருத்துவர் மரியானோ ரொக்கபாடோ வகுத்த முறையில், ஆறு சிறு பயிற்சிகளை ஒவ்வொன்றும் ஆறு தடவையாக, நாளுக்கு ஆறு வேளை செய்வது வழக்கம். நாக்கின் ஓய்வு நிலையும், மேலே சொன்ன கழுத்து, தோள் பயிற்சிகளும் அந்த முறையைச் சேர்ந்தவையே. தாடைக்கு நேரடியாக உரியவை இரண்டு. கண்ணாடி முன் அமர்ந்து, நாக்கின் நுனியை ‘ன்’ இடத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, ஒரு சுட்டுவிரலை இடது காதுக்கு முன்னாலும் மற்றொரு சுட்டுவிரலை மோவாயிலும் வைத்து, நாக்கு ஒட்டியிருக்கும் அளவுக்கு மட்டும் மெதுவாக வாயைத் திறந்து மூடுங்கள். நாக்கு மேலே இருப்பதால் குமிழ் சுழலும்; முன்னால் பாயாது. தாடை கோணாமல் நேர்க்கோட்டில் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும். கோணத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்தித் திரும்புங்கள். உங்கள் திறப்பின் எல்லை இன்றைக்கு எதுவோ அதற்குள்ளேயே இந்தப் பயிற்சி நடக்கட்டும். மற்றொன்று, தாடையை ஓய்வு நிலையிலேயே வைத்துக்கொண்டு, மோவாயின் வலப்புறம், இடப்புறம், அடிப்புறம் என்று மாற்றி மாற்றி ஒரு விரலால் மிக லேசாக அழுத்துவது. தாடை அசையாமல் அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுத்து ஆறு எண்ணும் வரை நிற்க வேண்டும். பார்ப்பவருக்கு நீங்கள் எதுவும் செய்யாததுபோல் தோன்றினால், விசை சரியாக இருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது கட்டம்தான் நீட்சி. முன் சொன்னவற்றை இரண்டு மூன்று வாரம் செய்து, ஓய்வாக இருக்கும்போது வலி இல்லை என்ற நிலை வந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, தாங்கும் சூட்டில் இரு கன்னங்களிலும் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கையின் பெருவிரலை மேல் முன்பற்களின் விளிம்பிலும் சுட்டுவிரலைக் கீழ் முன்பற்களின் விளிம்பிலும் வைத்து, வாயைத் தளர்த்தி, விரல்களால் மெல்லத் திறந்து, இழுப்பு உணரும் இடத்தில் 10 எண்ணும் வரை நிறுத்துங்கள். நாள்கள் செல்லச் செல்ல 30 எண்ணும் வரை கூட்டலாம். மூச்சை அடக்கக் கூடாது. ஆறு தடவை, காலையும் மாலையும் போதும். வலியே இல்லாத நிலையைச் சுழியம் என்றும் தாங்கவே முடியாத நிலையைப் பத்து என்றும் கொண்டால், நீட்சியின்போது மூன்றைத் தாண்டக் கூடாது. செய்து முடித்த அரை மணி நேரத்துக்குள் அந்த நோவு அடங்கிவிட வேண்டும். மறுநாள் காலை வரை நீடித்தால் விசை அதிகம் என்று அறிந்து பாதியாகக் குறையுங்கள்.

இதனுடன் உங்கள் இடது மூட்டுக்கென்று சிறப்பாக ஒரு பயிற்சி உண்டு. ஐஸ்கிரீம் குச்சிகள் இரண்டை அடுக்கி முன்பற்களுக்கு இடையில் கடிக்காமல் மென்மையாக வைத்துக்கொண்டு, கீழ்த்தாடையை வலப்பக்கமாக நகர்த்தி, சில நொடி நிறுத்தி, நடுவுக்குத் திரும்புங்கள். தாடை வலப்பக்கம் போகும்போது இடது குமிழ்தான் முன்னால் சரிந்து இறங்க வேண்டும். உங்களுக்கு இழந்துபோன அசைவு அதுவே. தொடக்கத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் நகரும். இயல்பான பக்க அசைவு ஏறக்குறைய 8 முதல் 10 மில்லிமீட்டர் என்பதால், அதை நோக்கிப் பொறுமையாகப் போகலாம்.

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே வேளையில், வாய்த் திறப்பை அளந்து எழுதி வையுங்கள். அளவு நாடாவைவிட சிறு பிளாஸ்டிக் அளவுகோல் வசதி. மேல் முன்பல் விளிம்பிலிருந்து கீழ் முன்பல் விளிம்பு வரை. நாள்தோறும் அளக்க வேண்டாம். ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைவது இயல்பு, அதைப் பார்த்து மனம் சோர்ந்துபோகும். வாரத்துக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடினாலே நல்ல முன்னேற்றம்.

சுளுக்கு வழிப்பவரிடம் போவதைப் பற்றி உங்கள் மாமியார் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆயினும் தாடையைப் பிடித்து வெட்டி இழுப்பதோ, மூட்டின் மேல் அழுத்தி உருவுவதோ இப்போது வேண்டவே வேண்டாம். நீங்களே விரல் நுனிகளால் கன்னத் தசையிலும் பொட்டிலும் மெல்ல வட்டமாகத் தேய்த்துக்கொள்ளலாம். இதில் கையால் செய்யவேண்டிய சிகிச்சையும் உண்டு. பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவர் கையுறை அணிந்து, பெருவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பல்லின் மேல் வைத்துத் தாடையைக் கீழ்நோக்கி மெல்லத் தளர்த்தி மூட்டில் இடம் உண்டாக்குவார். தசையில் முடிச்சிட்ட இடங்களை அழுத்தித் தளர்த்துவார். இதை வீட்டில் செய்யக் கூடாது. நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கு 2023ஆம் ஆண்டு இறுதியில் பி.எம்.ஜே. மருத்துவ இதழ் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவை எவை என்று பார்த்தால், மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும் நீட்சியும், உடல் நிலையைச் சீராக்கும் பயிற்சி, இத்தகைய கைவழிச் சிகிச்சை, வலியைக் கையாளும் மனப் பயிற்சி, விளக்கமும் ஆறுதலும் வீட்டுப் பயிற்சியும் அடங்கிய வழக்கமான கவனிப்பு ஆகியவையே. பல்லின் அமைப்பை நிரந்தரமாக மாற்றும் உறைகளையும், வட்டை வெட்டி எடுக்கும் அறுவையையும் அந்நெறிகள் வலுவாக மறுக்கின்றன. கழற்றி மாட்டும் உறையைக்கூட வலிக்கான முதல் சிகிச்சையாக அவை ஆதரிக்கவில்லை.

எனவே இரவு உறை பற்றி என் கருத்து இது: தூக்கத்தில் நீங்கள் பல்லைக் கடிப்பதாக வீட்டார் சொன்னாலோ, பற்கள் தேய்ந்திருந்தாலோ, பல்லைக் காப்பாற்றுவதற்காகக் கழற்றி மாட்டும் உறையைப் பல் மருத்துவர் போடலாம். வட்டை அது இடத்தில் கொண்டுவந்து வைக்கும் என்று எண்ணிச் செலவு செய்ய வேண்டாம். கடிப்பைச் சரிசெய்வதாகச் சொல்லி யாராவது நல்ல பல்லை ராவ முற்பட்டால் மறுத்துவிடுங்கள். ராவிய பல் திரும்ப வளராது. இப்படிப் பூட்டிக்கொண்ட மூட்டுகளில் பெரும்பாலானவை சில மாதங்களில் அறுவையின்றியே தேறுகின்றன. வட்டு பழைய இடத்துக்கு வராவிட்டாலும், அதற்குப் பின்னால் உள்ள திசு நாளடைவில் உறுதிப்பட்டு அழுத்தத்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள். இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

சூயிங்கம் கூடாது, தம்பியிடம் சொல்லிவிடுங்கள். உணவில் இட்லி, இடியாப்பம், குழைய வடித்த சாதம், கீரைக் கடைசல், அவித்த காய் ஆகியவற்றை ஆறு வாரத்துக்கு வைத்துக்கொண்டு, இரு பக்கமும் மாற்றி மெல்லுங்கள். முறுக்கு, சீடை, பொரிவிளங்காய் உருண்டை, கடலை மிட்டாய் வேண்டாம். தைப் பொங்கல் வருகிறது. கரும்பைக் கடித்துத் தின்ன இந்த ஆண்டு ஆசைப்படாதீர்கள், சாறு பிழிந்து குடிக்கலாம். கொய்யாவை நறுக்கித் தின்னுங்கள். கொட்டாவி வரும்போது நாக்கை அண்ணத்தில் ஒட்டி, மோவாயின் அடியில் கை முட்டியை வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள். குப்புறப் படுக்காமலும், கன்னத்துக்குக் கையை முட்டுக்கொடுத்து உட்காராமலும் இருங்கள். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் இரவு வேலை குறையும். இந்த மாதத்தையே பயிற்சிக்குத் தொடக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. தை முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொள்ளும் துணிகளின் எண்ணிக்கையை இப்போதே குறைத்துக்கொள்ளுங்கள். வருமானம் குறையும் என்பது தெரிந்தே சொல்கிறேன். உறக்கம் கெட்டால் தசை தளராது, தசை தளராவிட்டால் இங்கே எழுதிய எதுவும் வேலை செய்யாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சில எச்சரிக்கைகள். வயலில் முள்ளோ தகரமோ கிழித்த புண்ணுக்குச் சில நாள் கழித்து வாய் இறுகினால், அது ரண ஜன்னியாக இருக்கலாம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், கன்னத்தில் அல்லது கடைவாய்ப் பல்லருகே வீக்கம், கன்னத்திலோ மோவாயிலோ மரத்துப்போதல், காரணமின்றி எடை குறைதல், அடிபட்ட பின் பல் கடிப்பு மாறுதல் ஆகியவை இருந்தால் பயிற்சி செய்யக் கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்குப் புதிதாகப் பொட்டில் வலி, மெல்லும்போது தாடை அசதி, பார்வை மங்கல் ஆகியவை வந்தால் உடனே காட்ட வேண்டும். தாமதித்தால் பார்வையே போய்விடக்கூடும். நடக்கும்போதும் மாடி ஏறும்போதும் தாடை வலித்து, நின்றால் நிற்கிறது என்றால் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

நீட்சி தொடங்கி ஆறு வாரம் கழிந்தும் அளவில் மாற்றமே இல்லையென்றால், அல்லது அதற்கு முன்பே திறப்பு குறைந்துகொண்டு போனால், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் மருத்துவப் பிரிவுக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கோ சென்று, வாய், தாடை அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. படம் தேவையா, ஊசியின் வழியாக மூட்டைக் கழுவிவிடும் சிறு சிகிச்சை பயன்படுமா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். போகும்போது வாராந்தர அளவு எழுதிய தாளையும், சத்தம் நின்ற நாளைப் பற்றிய குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். சீவல் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். பயிற்சியின் நடுவே வாய் அகலத் திறக்கத் தொடங்கி, பழைய ‘டொக்’ சத்தமும் திரும்பக் கேட்டால் பயப்பட வேண்டாம். வலி இல்லாமல் அந்தச் சத்தம் மட்டும் இருக்குமானால் அதை நிறுத்துவதற்காக எதுவும் செய்யாதீர்கள்; சத்தம் வரும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்தி, நாக்கை மேலே வைத்துத் திறக்கும் பயிற்சியை மட்டும் தொடருங்கள்.